ஒட்டாத உறை

1967ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணிக்கு, மிச்சிகன் மாநிலத்து நியூ ஆஸன் கிறித்தவப் பள்ளியின் நிர்வாகக் குழு, பள்ளி நூலக அறையில் கூடியது. உறுப்பினர் ஐவரும் வந்திருந்தனர். மாலையில் பால் கறக்கத் திரும்ப வேண்டியவர்கள் அவர்களுள் இருந்தமையால் அந்த நேரம் குறிக்கப்பட்டது. எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: அறிவியல் ஆசிரியர் ஹார்மன் டைக்ஹவுஸை அடுத்த கல்வியாண்டிலும் வைத்துக்கொள்வதா, விலக்குவதா. பள்ளியின் ஆசிரியையும் குழுவின் செயலாளருமான யொஹானா டௌன்ஸ்ட்ராவாகிய எனக்கு வாக்கு இல்லை. குழுவில் பெண்ணுக்கு அந்நாளில் எழுதும் வேலை மட்டுமே உண்டு.

எங்கள் பள்ளியில் ஆசிரியர் அனைவரும் ஆண்டுதோறும் மார்ச் முதல் திங்கட்கிழமையன்று விசுவாச அறிக்கைப் புத்தகத்தில் கையெழுத்திடுவார்கள். வானத்தையும் பூமியையும் அவற்றிலுள்ள யாவற்றையும் கடவுள் ஆறு நாளில் படைத்தார் என்பது அதன் மூன்றாம் வரி. எந்த வரியிலேனும் ஒருவருக்கு மனச்சாட்சி உறுத்தினால், அந்த உறுத்தலை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிச் செயலாளரிடம் கொடுக்கலாம். செயலாளர் உறையின்மேல் பெயரை எழுதி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். அதை எவரும் பிரிப்பதில்லை. எழுதியவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதை இரக்கம் என்றே எங்கள் பெரியவர்கள் கருதினார்கள். நானும் நாற்பத்தோர் ஆண்டுகள் அப்படித்தான் கருதியிருந்தேன்.

ஹார்மனின் உறை 1958 முதல் அந்தப் பெட்டியில் இருந்தது. அவர் வாய் திறந்தது 1966 அக்டோபரில். ஆறாம் வகுப்பை ஏரிக்கரைக்கு அழைத்துப் போயிருந்தார். பிள்ளைகள் பவளக்கல் பொறுக்கினார்கள். காய்ந்திருக்கும்போது அது வெறும் சாம்பல் நிறக் கூழாங்கல். நீரில் நனைத்தால்தான் அறுகோணக் கண்கள் தெரியும். குழு உறுப்பினர் எவர்ட் ஸ்லாக்டரின் மகள் ஹ்ரீட் அதன் வயதைக் கேட்டாள். முப்பத்தைந்து கோடி ஆண்டு என்றார். அந்தப் பவளப் பூச்சியைப் படைத்தது யார் என்று கேட்டாள். கடவுள் என்றார். அன்று நம்மையும் படைத்தாரா என்று கேட்டாள். தொடங்கினார், முடிக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டார் என்றார்.

நவம்பரில் ஹ்ரீட்டின் அண்ணன் விம், பனிக்கட்டி உறுதிப்படாத குளத்தின்மேல் நடந்து, மூழ்கி இறந்தான். ஜனவரியில் அவள் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்டாள். பிப்ரவரியில் எவர்ட் குழுவிடம் முறையீடு கொடுத்தார். மார்ச்சில் ஹார்மன் தம் உறையைத் திரும்பக் கேட்டு வாங்கினார். கூட்டத்துக்கு முந்திய நாள், பள்ளி விட்டதும், அதைக் கிழித்துத் திறந்த நிலையில் என் மேசைமேல் வைத்தார்.

"இந்தாங்க, புது உறை. பசையும் இருக்கு. ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க, ஹார்மன். உறை இருக்குன்னு மட்டும் நான் சொல்றேன். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க," என்றேன்.

"ஒன்பது வருஷம் ஒட்டியே வச்சிருந்தேன், டீச்சர்."

"பத்தாவது வருஷமும் வச்சா என்ன, கை நோகுமா?"

"கடவுளுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியும், அதனால அவர்கிட்ட எனக்குப் பயமில்ல. ஆனா அந்தப் பொண்ணு என் முகத்தைப் பாத்துக் கேக்குது."

"டேனாவுக்குத் தெரியுமா?"

"சாமான் கட்ட ஆரம்பிச்சுட்டா. குழுவைப் பத்தி என் மனைவிக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

அவர் குடியிருந்தது பள்ளி கொடுத்த வீடு. தாளைப் படித்தேன். 'உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாய்த் தோன்றின. மனித உடலும் அவ்வழியே வந்தது. அவ்வழியை வகுத்தவர் கடவுள் என்று நம்புகிறேன். காலையும் மாலையும் அவரிடமே மன்றாடுகிறேன்.' திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால், அதைக் காட்டி இன்னும் ஒரு நாள் இழுத்திருப்பேன்.

கூட்டத்துக்குத் தலைவர் லாம்பர்ட் வ்ரேடவெல்ட். செலரிக் கீரை பயிரிடும் விவசாயி. தந்தை இறந்து நிலத்தைப் பார்க்கப் போகுமுன் எங்கள் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவரும் எவர்டும் என் மாணவர்கள். போதகர் டொமினி ராய்ட்ஸ்மாவின் மன்றாட்டு முடிந்ததும், ஞாயிறு பிரசங்கத்துக்கு முன் செய்வதைப் போலவே, லாம்பர்ட் மிட்டாய்ச் சுருளை எடுத்துப் பக்கத்தில் தள்ளினார். புதினா மிட்டாய் கைமாறி எவர்டிடம் வந்தது. எவர்ட் தாம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில், அழைக்கப்பட்டு மேசைமுன் உட்கார்ந்திருந்த ஹார்மனிடம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் யாரிடம் நீட்டுகிறோம் என்று உணர்ந்தார். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எடுத்துக்க, ஹார்மன். மிட்டாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

ஹார்மன் எடுத்துக்கொண்டார். நான் தாளை உரக்கப் படித்தேன்.

"முப்பத்தஞ்சு கோடியாம்," என்றார் லாம்பர்ட். "என் செலரிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது." இருவர் சிரித்தார்கள். எவர்ட் சிரிக்கவில்லை.

"நான் படிச்சவன் இல்ல," என்றார் எவர்ட். "டீச்சருக்கே தெரியும், என் கட்டுரையில மையைவிடச் சிவப்புதான் ஜாஸ்தி. எம்பொண்ணு என்ன கேட்டான்னு மட்டும் சொல்லிடறேன். ஆறு நாள்னு எழுதினது ஆறு நாள் இல்லன்னா, மூணாம் நாள் ஆண்டவர் எந்திரிச்சார்னு எழுதினது மட்டும் மூணு நாளாப்பான்னு கேட்டா. அப்ப விம் எந்திரிப்பானான்னு கேட்டா. கன்னுக்குட்டிக்குப் பால் ஊத்திட்டு இருந்தேன். வாளியை வச்சுட்டு வெளிய போயிட்டேன்."

"என்கிட்டயும் கேட்டா, எவர்ட்," என்றார் ஹார்மன். "எந்திரிப்பான்னு சொன்னேன். நான் அதை நம்பறேன். கல்லோட வயசைச் சொன்ன அதே வாயாலதான் சொன்னேன்."

"அதான் கஷ்டமே. ஒரே வாய் ரெண்டும் சொன்னா, ராத்திரி படுத்துக்கிட்டு அவ எதைப் பிடிச்சுக்குவா?"

"ரெண்டையும்."

"பன்னெண்டு வயசு அவளுக்கு. உனக்கு ரெண்டு கையும் பெருசு."

ஹார்மனைத் தனியராக்கி அந்த மேசைமுன் உட்காரவைத்திருப்பது உண்மைக்கு மாறு என்பதை நான் ஒருத்தி அறிவேன். எழுந்து, பேச அனுமதி கேட்டேன்.

"செயலாளர் பேசற வழக்கம் இல்லையே, டீச்சர்," என்றார் லாம்பர்ட்.

"இல்லன்னு தெரியும், லாம்பர்ட். வழக்கத்தையெல்லாம் எழுதி வச்சிருக்கறதே நான்தான்."

இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த உறைகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். மொத்தம் பதினொன்று. இந்தப் பள்ளியில் படிப்பித்த பதினொருவர் ஏதோ ஒரு வரியைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறார்கள் என்றேன். பெயர்களைச் சொல்ல மாட்டேன். என்னுடையதை மட்டும் சொல்வேன் என்று கூறி, அடியில் இருந்ததை எடுத்துப் பிரித்தேன். 1926இல், இருபத்தோராம் வயதில் எழுதியது. 'மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கக் கடவுள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதுவது பொய்.' அதைப் படித்தபோது என் குரல் நடுங்கிற்று. என் பேச்சில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றே.

எவர்ட் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "நீங்களுமா, டீச்சர்?" என்றார். ஹார்மனிடம் காட்டாத கோபம் அதில் இருந்தது. "எனக்கு மூணாம் வரியை மனப்பாடம் பண்ண வச்சதே நீங்கதானே? தப்பா சொன்னேன்னு நிக்க வச்சீங்களே!"

"ஆமாம், நிக்க வச்சேன்."

லாம்பர்ட் என்னைப் பார்க்கவில்லை. கவிழ்ந்திருந்த உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுள் மேலிருந்து நான்காவது 1949இல் அவர் கொடுத்தது. அவர் அதில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் வெளுத்ததைக் கண்டபோது, இப்போது பேசுவார், ஹார்மன் பிழைத்தார் என்று எண்ணினேன். மனிதரை அளப்பதில் நான் செய்த பெரும் பிழை அது. பேசத்தான் செய்தார்.

"இந்தக் கர்மமெல்லாம் பெட்டியில கிடக்கறதாலதான் இவ்வளவு வினை," என்றார். "ஒண்ணையும் பிரிக்க வேணாம். அப்படியே கொளுத்திடலாம். இனிமே உறையும் கிடையாது, ஒட்டறதும் கிடையாது. கையெழுத்துப் போடறவன் போடட்டும், போடாதவன் போகட்டும்."

"லாம்பர்ட்," என்றேன்.

"உக்காருங்க, டீச்சர்." அதைக் கெஞ்சுவது போலச் சொன்னார்.

டொமினி மட்டும் ஹார்மனுக்காகப் பேசினார். "இவர் சொல்ற விடை எனக்குப் புரியல. ஆனா விம் செத்த ராத்திரி அந்தக் குளத்துக்கரையில முழங்கால் போட்டுக் கிடந்தது யாருன்னு எனக்குத் தெரியும்." எவர்ட் தலை கவிழ்ந்து, தமக்கும் அது தெரியும் என்றார். தெரிந்தும், முறையீட்டைத் திரும்பப் பெறவில்லை.

வாக்கெடுப்பு மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு நடந்தது. முடிவுகளை அன்றே பதிவேட்டில் எழுதினேன். அவற்றையே இங்கும் தருகிறேன். ஹார்மன் டைக்ஹவுஸின் பணி, நான்குக்கு ஒன்று என்ற வாக்கில், ஜூன் 9ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. ஜூன் இறுதிக்குள் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உறை கொடுக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. இதற்கு மறுப்பு இல்லை. எஞ்சிய பத்து உறைகளும் பிரிக்கப்படாமலே, மறுநாள் காலை, தலைவர் முன்னிலையில் பள்ளி உலையில் இடப்பட வேண்டும். ஹார்மனின் தாளும் என்னுடையதும் பதிவேட்டோடு இணைக்கப்பட வேண்டும் என்று நான் கேட்டேன்; அது ஏற்கப்படவில்லை; அவையும் உலையில் இடப்பட வேண்டும். செயலாளருக்கு அவருடைய நெடுங்காலப் பணிக்காக நன்றி கூறப்பட்டது. பெட்டியின் சாவியை அவர் அன்று மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும்; ஒப்படைத்தார்.