அந்தோனியார் இருந்த சில்லு

எல்கடுவ பஸ் மாத்தளை வந்து சேரும் வரை டயனா அந்த உரப்பையை மடியை விட்டு இறக்கவில்லை. பின்னால் போடும்படி கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். உள்ளே என்ன பிள்ளையா இருக்கு என்று பக்கத்து சீட்டில் இருந்தவர் கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே ரிம்மும் கம்பியுமாக இரண்டு சைக்கிள் சில்லுகள் இருந்தன. செத்துப்போன அண்ணன் கிஷாந்தின் காபன் சில்லுகள். நாளைக்கு மலைச் சைக்கிள் போட்டி. அதில் இந்தச் சில்லுகளைப் பூட்டிக்கொண்டு ஓடுவதா, ஸுஹைல் நானா தன் சைக்கிள் கடையில் கோத்து வைத்திருக்கும் அலுமினியச் சில்லுகளில் ஓடுவதா என்பதை அவள் இன்றைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

உண்மையைச் சொன்னால் முடிவு எப்போதோ ஆகிவிட்டது. அம்மா சவரியம்மாதான் ஆக்கிவிட்டாள். "அண்ணன் சில்லுல போ. அவன் விட்ட எடத்துல இருந்து நீ போய்ச் சேரு. அதப் பாக்கத்தான் நானும் வர்றேன்" என்று ஒரு வாரமாக ஒரே பேச்சு. மகன் ஓடிய ஒரு போட்டியையும் பார்க்காதவள் இந்தத் தடவை வருகிறேன் என்கிறாள். அப்படிச் சொல்பவளிடம் பாரம், பலம் என்று என்ன விளக்கம் கொடுப்பது?

வெள்ளைக்காரர்களைத் தேயிலை மலைப் பாதைகளில் சைக்கிளில் கூட்டிப்போவது கிஷாந்தின் வேலை. அவன் ஓட்டத்தைப் பார்த்து அசந்துபோன ஒரு ஜெர்மன்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன் சைக்கிளில் இருந்து அந்தச் சில்லுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு விரலில் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. ஏற்றத்தில் சைக்கிள் முன்னால் போய்த் தன்னை இழுப்பதாகக் கிஷாந்த் பீற்றிக்கொள்வான். போன வருடம் இதே போட்டியில், மூன்றாம் வளைவில், முன்சில்லு வழுக்கி மதகுச் சுவரில் தலை மோதி அந்த இடத்திலேயே உயிர் போனது. அளவு மீறிய வேகம் என்றார்கள் போட்டி நடத்தியவர்கள். பேய் ஓட்டம் ஓடினான், வேறு எப்படி முடியும் என்றது தோட்டத்துச் சனம். சாவு வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அதைச் சொன்னவர்களும் உண்டு. டயனா அவர்களோடு சண்டை போடவில்லை. அவளுக்கும் அதே எண்ணம்தான். இந்த ஒரு வருடத்தில் அண்ணனுக்காக அழுததைவிட அவனை மனதுக்குள் திட்டியதுதான் அதிகம். மதகு இருப்பது தெரியும், பிரேக் பிடிக்க என்னடா கேடு உனக்கு என்று.

அவனுடைய சைக்கிளும் அவன் பார்த்த வேலையும் இப்போது அவளுடையவை. சில்லுகள் மட்டும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், புனிதர்களின் சுரூபங்கள் வைத்திருக்கும் மேடைக்குக் கீழே, அம்மா மாற்றி மாற்றி வைக்கும் பூவோடு இருந்தன. முன்சில்லின் ரிம்மில் அந்தோனியார் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அந்தோனியார் திருநாளில் ஃபாதர் கோவில் வாசலில் வாகனங்களை மந்திரிப்பார். லொறி, ஆட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் வரிசையில் நிற்கும். சவரியம்மாவிடம் வாகனம் என்று இருந்தது மகனின் சைக்கிள் ஒன்றுதான். மந்திரித்த கையோடு ஸ்டிக்கர் தாள் வாங்கி, சைக்கிளில் ஒன்று, ரேடியோவில் ஒன்று, கேஸ் சிலிண்டரில் ஒன்று, கொழுந்துக் கூடையில்கூட ஒன்று ஒட்டிவிடுவாள். அந்த வீட்டில் அந்தோனியார் இல்லாத சாமானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போன வருடம் போட்டிக்குச் சில வாரம் முன்னால் ஒட்டிய அந்த ஸ்டிக்கர், அப்படி ஒரு விழுகைக்குப் பிறகும் கசங்காமல் வீடு வந்து சேர்ந்தது. "புள்ளயக் கூப்பிட்டுக்கிட்டாரு. ஆனா பாரு, அவர் இருந்த எடத்துல ஒரு கீறல் இல்ல" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சவரியம்மா தடவிக் காட்டுவாள். அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான் என்பதால் யாரும் எதுவும் பேசுவதில்லை.

ஸுஹைலின் கடையில் அலுமினியச் சில்லுகள் கொக்கியில் தயாராகத் தொங்கின. பார்வைக்கு ஒன்றுமில்லை, சாம்பல் நிறம். டயனா உரப்பையை அவிழ்த்ததும் அவர் காபன் சில்லைப் பார்த்துவிட்டுக் கைத்துணியைக் கீழே வைத்தார். கிஷாந்தின் சைக்கிளைக் கடைசி வரை பழுது பார்த்தது அவர்தான்.

"உம்மா இதத்தான் போடச் சொல்றாவா?"

"ஆமா நானா. ஏத்தத்துல இது லேசுதானே. மொத மூணு பேருக்குத்தான் தேசிய டீம்ல எடம்."

"லேசுதான். இல்லன்னு நான் சொல்லல்ல." சில்லைத் தாங்கியில் மாட்டினார். "அலுமினியம் அடிபட்டா நெளியும் தங்கச்சி. நெளிஞ்சது கண்ணுக்குத் தெரியும், ஸ்பானரப் போட்டு நிமித்திட்டு ஓடலாம். இது அழுத்தக்காரப் புள்ள மாதிரி. உள்ளுக்க என்ன ஆனாலும் வெளிய காட்டாது. ஒரு நாளைக்கு மொத்தமா விட்டுரும். அதால தட்டித்தான் பாக்கணும்."

பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக் என்று ஒரே மாதிரிக் கூர்மையான சத்தம். நல்ல சத்தம் என்று டயனாவுக்கே தெரிந்தது. அவள் மனம் அம்மாவின் பக்கம் சாயத் தொடங்கியது. அண்ணன் விட்ட இடத்தில் இருந்து போய்ச் சேரலாம். சத்தம் நெருங்கி வந்து, ஸ்டிக்கரின் ஓரத்தில் நின்று, ஒரு சாண் தாண்டி மறுபக்கத்தில் மறுபடி தொடங்கியது. பள்ளிவாசலில் தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகாமல் சுற்றிப் போவது போல, அவர் கை அத்தனை இயல்பாகச் சுற்றிப் போனது.

"நானா, அந்த எடத்தத் தட்டலியே."

"அது ஒங்கட சாமி படமில்லையா? அதுக்கு மேல சல்லிக்குத்தி வெச்சுத் தட்ட ஏலுமா?"

டயனா அவரையே பார்த்தாள். "அண்ணன் கொண்டு வந்தப்பவும் இப்பிடித்தான் தட்டுவீங்களா?"

நாணயம் பிடித்திருந்த கை இறங்கியது.

உரிக்க வேண்டியவள் அவள்தான் என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெல்ல இழுத்தாள். அடியில் வெள்ளையாக, காய்ந்த பால் ஆடை போல ஏதோ படிந்திருந்தது. டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் பால். ஓட்டை இருந்தால் கசிந்து வந்து அடைத்துக்கொள்ளும் பால். ஸுஹைல் அதைத் துணியால் துடைத்தார். ரிம்மில் தலைமயிர் போல ஒரு கோடு ஓடியது.

"தட்டுங்க."

டொக் என்றது. வெடித்த சட்டியைத் தட்டினால் வரும் சத்தம்.

"விழுந்தப்ப வந்ததா இருக்கலாம்" என்றாள். அப்படி இருந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

ஸுஹைல் தலையை ஆட்டினார். "விழுந்த பொறகு காத்தே இல்ல. காத்து இல்லாட்டி பால் இவ்வளவு தூரத்துக்கு வராது." அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போட்டிக்கு முந்தின கெழம வந்தான். ராவைக்குக் காத்தடிச்சா காலைல எறங்குது நானான்னு சொன்னான். வால்வுதான்னு நான் மாத்திக் குடுத்தேன். சுத்தித் தட்டியும் பாத்தேன். இந்த எடத்த மட்டும்… மரியாதைக்கு வுட்டேன் தங்கச்சி. யா அல்லாஹ், மரியாதைக்கு வுட்டேன்."

டயனா அழுதாள். கடையில் யார் வந்தாலும் வரட்டும் என்று அழுதாள். அண்ணன் பிரேக் பிடித்துத்தான் இருப்பான். வளைவில் காற்று இறங்கிப்போன சில்லு அவனைத் தூக்கிப் போட்டிருக்கிறது. ஒரு வருடம் முழுக்க அவள் திட்டிய திட்டெல்லாம் போய்ச் சேர ஆள் இல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே திரும்பி வந்து இறங்கியது.

"நானே வந்து உம்மாட்ட சொல்றேன்" என்றார் ஸுஹைல். "அவன் மேல பழி இரிக்கக் கூடாது. என்ன ஏசினாலும் ஏசட்டும்."

"வேணாம் நானா. ஒங்கள ஏச மாட்டாங்க. ஸ்டிக்கர் ஒட்டினது யாருன்னுதான் யோசிப்பாங்க."

தோட்டத்தின் முன்னால் அண்ணனுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தால் அம்மாவுக்கு மிஞ்சியிருப்பது போய்விடும். அம்மாவிடம் அதை விட்டுவைத்தால் அண்ணன் பேய் ஓட்டக்காரனாகவே குழிக்குள் கிடப்பான். காபனா அலுமினியமா என்று கேட்டுக்கொண்டு வந்த இடத்தில் கேள்வி இப்படியா மாற வேண்டும்?

அவள் ஸ்டிக்கரை மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்தினாள். பசை போய்விட்டது, ஒட்டவில்லை. ஸுஹைல் எழுந்து பின்பக்கம் போய், சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கையைக் கழுவிவிட்டு வந்தார். பஞ்சர் ஒட்டும் சொலுஷனை ஒரு சொட்டு எடுத்துத் தடவி, ஊதிக் காயவைத்து, இவ்வளவு காலமும் தொடாத அந்தப் படத்தைத் தன் கையாலேயே ஒட்டி, ஓரங்களை நீவிவிட்டார். டயனா அலுமினியச் சில்லுகளைப் பூட்டச் சொல்லிவிட்டு, காபன் சில்லுகளை உரப்பையில் கட்டினாள்.

அம்மா முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உரப்பையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏன் திரும்பக் கொண்டாந்துட்ட?"

"அது வீட்டுலயே இருக்கட்டும்மா. நான் அலுமினியத்துல போறேன்."

"அவன் சில்லு ஒனக்கு ஆகலியா? சாவு வந்த சில்லுன்னு எவளாவது சொன்னாளா?" துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டாள். "இல்ல, அவன் மாதிரி பேய் ஓட்டம் ஓட மாட்டேன்னு ஊருக்குக் காட்டப் போறியா?"

"அண்ணன் மேல தப்பில்லம்மா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "தெரியும்" என்று மட்டும் சொன்னாள். சவரியம்மா மகளை உற்றுப் பார்த்தாள். பிறகு முன்சில்லை எடுத்து, வழக்கம்போல ஸ்டிக்கரைத் தடவினாள். விரல் ஒரு கணம் நின்றது. மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் கேட்காமல் சில்லுகளை மேடைக்குக் கீழே சாய்த்துவைத்துவிட்டுச் சோறாக்கப் போனாள்.

மறுநாள் காலை, போட்டி நடக்கும் ரிவர்ஸ்டன் மலைப் பாதையில் காற்று ஆளைத் தள்ளியது. சொன்னபடியே சவரியம்மா வந்திருந்தாள், கலியாண வீடுகளுக்குக் கட்டும் சேலையில். வரிசையில் நின்ற மற்றப் பெண்களின் சைக்கிள்களில் பாதிக்குமேல் காபன். ஏற்றத்தில் இவர்கள் தன்னைத் தாண்டிப் போவார்கள் என்று டயனாவுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. இறக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சவரியம்மா கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். இந்த வருடத் திருநாளில் வாங்கியது. டயனா பிரேக்கை இறுகப் பிடித்தாள். அம்மா ஓர் அந்தோனியாரை உரித்துப் பெருவிரல் நுனியில் வைத்துக்கொண்டு, முன்சில்லுக்குப் பக்கத்தில் குனிந்தாள். சாம்பல் நிற ரிம்மை மற்றக் கையால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள். எடுத்தாள். நிமிர்ந்து மகளின் இடது கையைப் பிடித்து, கையுறையைச் சற்று ஒதுக்கி, மணிக்கட்டின் தோலில் ஒட்டினாள்.

"இங்க இருக்கட்டும்" என்றாள். "சில்லுல வேணாம்."

அழுத்திவிட்ட அந்தப் பெருவிரலை டயனா பார்த்தாள். நகத்தோரத்தில், காய்ந்த சொலுஷன் ரப்பர் துணுக்காகச் சுருண்டு ஒட்டியிருந்தது. அம்மா உரித்துப் பார்த்துவிட்டாள். மேடைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்திருக்கிறாள்.

"அம்மா…"

"முன்னப் பாரு. விசிலு ஊதப் போறாங்க."

விசில் ஊதியது. டயனா பெடலை மிதித்தாள். முதல் வளைவில் திரும்பும்போது ஒருமுறை பார்த்தாள். எல்லாரும் கை தட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், அம்மா மட்டும் மிச்ச ஸ்டிக்கர் தாளைக் காற்று பிடுங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெருவிரல் நகத்தை மற்றக் கையால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.