வாசகர் கேள்வி நேரம்

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கியபோது சௌந்தர்யா திருச்செங்கோட்டில், தான் வேலை பார்க்கும் போர்வெல் ரிக் கம்பெனி ஆபீசில் இருந்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல்பாதி முழுக்கக் கல்லூரித் தாளாளர் சண்முகவேலின் முகம். அதற்குக் கீழே ‘முன்னிலை’ என்று பன்னிரண்டு பேர், ‘வாழ்த்துரை’ என்று ஒன்பது பேர். அந்த இருபத்தோரு பேரில் ஒருவர்கூட மிகுபுனைவுக் கதை ஒன்றைப் படித்திருக்க மாட்டார் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியும். எழுத்தாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து அடியில் ஒரே வரி. அதில் அவள் பெயர் ‘சௌந்தரி’ என்று இருந்தது.

எட்டு மாத உழைப்பு அது. யாளியும் மந்திர வாளும் பேசும் மலையுமாகக் கதை எழுதுகிறவர்கள், அதைப் போனில் தேடித் தேடிப் படிக்கிறவர்கள் என்று சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள் முந்நூறு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. ஒருநாள் நேரில் கூடினால் என்ன என்று முதலில் கேட்டது சௌந்தர்யாதான். கேட்டவள் தலையிலேயே வேலையும் விழுந்தது. யார் எதைப் பேசுவது, யாருக்கு எந்த பஸ், சைவம் எத்தனை, அசைவம் எத்தனை, எல்லாம் அவள்தான்.

அவள் எழுதிய ‘ஆழ்நாடு’ ஐந்து பாகம் ஓடியிருந்தது. ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே, எந்த போர்வெல்லும் எட்டாத ஆழத்தில் ஒரு ராஜ்ஜியம் இருக்கிறது என்பது கதை. பகலெல்லாம் எத்தனையாவது அடியில் பாறை, எத்தனையாவது அடியில் தண்ணீர் என்று ரிக் வண்டிக்காரர்களிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு அந்த நாடு தானாக வந்து வாய்த்தது. அதற்கு வரைபடம் வரைந்தவள் இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த மஞ்சுளா. சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவள் தொழில். ஆழ்நாட்டின் ஐந்து மாகாணங்களையும் ஐந்து துணிகளில் அச்சடித்து வைத்திருந்தாள். கூட்டத்தில் மாட்டுவதற்கென்றே செய்தது.

கூட்டத்துக்கு இடம் பிடித்தது குழுவின் அட்மின் நந்தகுமார். அஸ்தம்பட்டியில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர், நாலு பேரைத் தெரிந்தவர். ஆத்தூர் ரோட்டில் ஒரு கல்லூரி ஆடிட்டோரியத்தை வாடகை இல்லாமல் வாங்கித் தந்தார். அப்போது எல்லோரும் கைதட்டினார்கள். சௌந்தர்யாவும்தான்.

இப்போது அவரைப் போனில் பிடித்தாள்.

“ஏனுங்க நந்தகுமார், இது நம்ம நிகழ்ச்சிங்களா, தாளாளர் ஊட்டு விசேசமுங்களா?”

“மேடம், அவ்வளவு பெரிய ஹாலைச் சும்மா தர்றாரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

“என் பேரு தப்பா இருக்குது.”

“அது டிசைனர் பண்ண தப்பு. மாத்திடலாம்.”

“வாசகர் கேள்வி நேரம் இருக்குதுங்களா?”

“பன்னெண்டுல இருந்து ஒண்ணு வரைக்கும். அதுல யாரும் கை வைக்கல. என்ன மேடம், நம்பிக்கை இல்லையா?”

நம்பிக்கை இல்லைதான். ஆனால் நாளும் குறித்தாயிற்று, ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஆடிட்டோரிய வாசலில் மஞ்சுளா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். முந்தின நாள் சாயங்காலமே வந்து ஐந்து வரைபடங்களையும் வராந்தாச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது அந்த இடத்தில் கல்லூரியின் அட்மிஷன் கவுண்டர் நின்றது. கலர் நோட்டீஸ் அடுக்கி, டை கட்டிய இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“மேப்பெல்லாம் எங்க மஞ்சு?”

“கை கழுவற இடத்துக்குப் பின்னால சுருட்டி வெச்சிருக்காங்கக்கா. ரெண்டு துணி நனைஞ்சே போச்சு.”

சௌந்தர்யாவுக்குக் காது சூடேறியது. கவுண்டர்காரர்களிடம் போய்க் கேட்டாள். தாளாளர் சொல்லி வைத்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். நந்தகுமாரைத் தேடினால் அவர் தாளாளருக்கான மாலையோடு கேட்டில் நின்றார்.

ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம். தாளாளர் வராமல் குத்துவிளக்கு ஏற்றக் கூடாதாம், விளக்கு ஏற்றாமல் யாரும் மைக்கைத் தொடக் கூடாதாம். பத்து ஆயிற்று, பத்தரை, பதினொன்று. கற்பனை உலகங்களை எப்படிக் கட்டுவது என்று பேச தர்மபுரியிலிருந்து வந்தவர், தயாரித்து வந்த தாள்களால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருநூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள்.

அப்போதுதான் ஒரு பெரியவர் அவள் பக்கத்துச் சேரில் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு, அறுபது வயதிருக்கும். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

“நீங்க ‘ஆழ்நாடு’ எழுதறவங்கதானுங்களே? நான் அப்புசாமிங்க. சங்ககிரி. லாரி ஓட்டறேன்.”

“வாங்கய்யா. கதை படிச்சிருக்கறீங்களா?”

“அஞ்சு பாகமும். லோடுக்கு நிக்கறப்ப வேற என்ன வேல? எங்கூட கிளீனரா வந்தவன்தான் போன்ல எடுத்துக் குடுத்தான். அவன் பாதியில உட்டுட்டான், நான் உடல.” சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் காட்டினார். “உங்ககிட்டக் கேக்கோணும்னு ஒரு கேள்வி வெச்சிருக்கறனுங்க. மூணு மணிக்கு வண்டி எடுக்கோணும். பன்னெண்டு மணிக்குத்தானுங்க நேரம்?”

“ஆமாங்க. கண்டிப்பா.”

என்ன கேள்வி என்று அவள் கேட்டதற்கு, “சபையிலதான் கேப்பேன்,” என்று தாளை உள்ளே வைத்துக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்குத் தாளாளரின் கார் வந்தது. விளக்கு எரிந்தது. பிறகு முன்னிலை வகித்த பன்னிரண்டு பேருக்கும் வாழ்த்த வந்த ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராகச் சால்வை. அது முடிந்ததும் தாளாளர் மைக்கைப் பிடித்தார். கல்லூரி எத்தனை ஏக்கர், எத்தனை பஸ், வளாகத் தேர்வில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று இருபது நிமிடம். பிறகு இலக்கியத்துக்கு வந்தார்.

“மாயம், மந்திரம், பூதம்! இதெல்லாம் சின்னப் புள்ளைங்களைத் தூங்க வைக்கிறதுக்குச் சொல்றது. வயசு வந்தவங்களும் இதைப் படிக்கறீங்கன்னு நந்தகுமார் சொன்னப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. சமையல் முடிச்ச மிச்ச நேரத்துல நம்ம பெண்கள் ஏதோ எழுதறாங்க. நல்லதுதான். சீரியல் பார்க்கறதுக்கு இது பரவாயில்லை!”

முன்வரிசை சிரித்தது. சௌந்தர்யா சிரித்தவர்களின் பின்மண்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினோரு வருடமாக அவள் விடிகாலை நாலரைக்கு எழுந்து எழுதுகிறாள். அந்த நேரத்தில் அவள் வீட்டில் யாரும் சமையல் கேட்பதில்லை.

மணி பன்னிரண்டே முக்கால் ஆனபோது நந்தகுமார் குனிந்துகொண்டே அவளிடம் வந்தார். “மேடம், லேட்டாயிடுச்சு. கேள்வி நேரத்தை எடுத்துடலாம். எழுத்தாளர்களுக்குச் சால்வை போட்டுட்டு நேரா சாப்பாடு. ஐயாவுக்கு இன்னொரு விசேஷம் இருக்கு.”

“எதை எடுத்துடலாம்ங்கறீங்க?”

“பிளீஸ் மேடம். சீன் பண்ணாதீங்க.”

மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். “அடுத்து, எழுத்தாளர் சௌந்தரி!”

அவள் ஏறினாள். தாளாளர் சால்வையை விரித்துப் பிடித்து, முகத்தை போட்டோகிராபர் பக்கம் திருப்பியிருந்தார். அவள் அவரைக் கடந்து நேரே மைக்குக்குப் போனாள். 

“என் பேரு சௌந்தர்யாங்க. எனக்குச் சால்வை வேண்டாங்க. இந்த ஒரு மணி நேரம் வாசகர்களுக்குன்னு சொல்லித்தான் எட்டு மாசமா எல்லாத்தையும் கூப்புட்டோம். எங்க கதையப் படிக்காதவங்க முழுசா ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டாங்க. படிச்சவங்களுக்கு ஒரு நிமிசமில்லைன்னா இது யாருக்கு நடத்தற கூட்டமுங்க? எங்க வரைபடத்தக் கை கழுவற இடத்துல போட்டிருக்கறீங்க. எழுதறவங்களச் சமையக்கட்டோட சேத்துச் சிரிக்கறீங்க. நாங்க உங்ககிட்ட இடந்தானுங்க கேட்டோம். இந்தப் பேச்ச யாரு கேட்டா?”

மைக் அணைந்தது. யாரோ ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள். தாளாளர் சால்வையை இன்னும் விரித்தபடியே நின்றார். சௌந்தர்யா தொண்டையைத் திறந்து கத்தினாள். “வெளிய வண்டி ஸ்டாண்டு இருக்குது. கேள்வி இருக்கறவங்க அங்க வாங்க!”

இறங்கி நடந்தாள். பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே போய் நின்று திரும்பியபோது எண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வந்துகொண்டும் இருந்தார்கள். மஞ்சுளா ஈரத் துணிகளைக் கொண்டுவந்து ஸ்கூட்டர்கள் மேல் விரித்தாள்.

அப்புசாமி முன்னால் வந்து தாளைப் பிரித்தார்.

“ஏனுங்க, வெளிமானை எதுக்குங்க கொன்னீங்க?”

வெளிமான் ஆழ்நாட்டின் ஊற்றுக் காவலன். மூன்றாம் பாகத்தில் எதிரியின் ஈட்டி பாய்ந்து சாகிறவன். கதைக்கு அந்தச் சாவு தேவைப்பட்டது என்று சௌந்தர்யா சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தினார்.

“சாவட்டுமுங்க. சாவறது இல்லீங்க பிரச்சன. ரெண்டாம் பாகம், பதினாலாம் அத்தியாயம். ஊத்துக் காவலன இரும்பு தொடாதுன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. அப்புறம் இரும்பு ஈட்டி எப்படிங்க பாஞ்சுது? நீங்க வெச்ச சட்டத்த நீங்களே மீறலாமுங்களா?”

கூட்டத்தில் ‘ஓ’ என்று ஒரு சத்தம் எழுந்தது. சௌந்தர்யா ஈட்டியில் மந்திரம் பூசியிருந்தது என்று சமாளிக்கப் பார்த்தாள். அப்படி எங்கேயும் எழுதவில்லையே என்று நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

“மறந்துட்டேனுங்க,” என்றாள் கடைசியில்.

“மறந்துட்டேன்னா ஆச்சுங்களா? நான் குஜராத்துல லோடுக்கு நின்னுக்கிட்டு அழுதிருக்கறேன். பாத்தவன், என் ஊட்டுல ஏதோ சாவுன்னு நெனச்சுக்கிட்டு டீ வாங்கியாந்து குடுத்தான். அந்தக் கண்ணீருக்கு நாயம் வேண்டாமுங்களா?”

அவருக்கும் உண்மையிலேயே கோபம். அந்தக் கோபத்துக்கு முன்னால் நின்றபோது, உள்ளே கேட்ட சிரிப்பு சௌந்தர்யாவுக்குத் தூசாகப் போனது. ஒருத்தர் வெளிமான் சாகவே இல்லை என்றார். இன்னொருத்தர் அந்த ஈட்டி இரும்பே இல்லை, எலும்பு என்று வாதாடினார். அதற்கு மேற்கோள் காட்டப் போனைத் திறந்தார்கள். இரண்டு மணி வரை அந்தத் தகரக் கூரை அதிர்ந்தது. சங்ககிரிக்கு பஸ் ஏறும்போதும் அப்புசாமி சமாதானம் ஆகவில்லை. “திருத்தி எழுதுங்க. இல்லாட்டி ஆறாம் பாகம் படிக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் ஆடிட்டோரியத்தின் கதவு பூட்டியிருந்தது தெரிந்தது. தாளாளரின் உத்தரவு. மத்தியானத்து நிகழ்ச்சி எதுவும் கிடையாது.

மத்தியானம் இருந்தது ஒரே நிகழ்ச்சிதான். வாழப்பாடி ரஞ்சிதாவின் முதல் புத்தக வெளியீடு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற இருபத்து மூன்று வயசுப் பெண். அவளுடைய அப்பா மாரியப்பனும் அம்மா சின்னாயியும் வேன் வைத்துச் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். பூட்டின கதவுக்கு முன்னால் எல்லோரும் புதுத்துணியில் நின்றார்கள்.

“இங்கயே, வண்டி ஸ்டாண்டிலேயே வெளியிடலாம் ரஞ்சிதா,” என்றாள் சௌந்தர்யா.

ரஞ்சிதா அவளைப் பார்க்கக்கூட இல்லை. புத்தகக் கட்டை வேனில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் நந்தகுமார் போன் செய்தார். தாளாளருக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். “கடுதாசியெல்லாம் நான் கதையா மட்டுந்தான் எழுதுவனுங்க,” என்றாள் சௌந்தர்யா. சாயங்காலம் அவளைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார். அந்த வாரத்துக்குள் மஞ்சுளாவும் அறுபது பேரும் தாங்களாகவே வெளியே வந்தார்கள்.

தாளாளர் விஷயத்தில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. ரஞ்சிதா விஷயம்தான் சோற்றில் கல் மாதிரி கடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வாழப்பாடிக்குப் போனாள்.

பரிசோதனை நிலையத்தில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ரஞ்சிதா ஊசியை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“மன்னிச்சுக்க சாமி. உன்ன நான் யோசிக்கவே இல்ல,” என்றாள் சௌந்தர்யா.

“நீங்க கோபப்பட்டது தப்புன்னு சொல்லலக்கா. அந்த ஆளு பேசினப்ப எனக்கும் ரத்தம் கொதிச்சுச்சு. ஆனா உங்க நேரத்தப் புடுங்குனாங்க, நீங்க கத்துனீங்க. எண்பது பேரு உங்க பின்னாடி வந்தாங்க. என் நேரம் போனதுக்கு ஒருத்தராச்சும் கத்துனீங்களா? அந்தப் பூட்டு முன்னாடி நின்னு கத்திருக்கலாமில்ல?”

கத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் வெளிமானைப் பற்றிப் பேசிய உற்சாகத்தில் சௌந்தர்யாவின் கோபம் எல்லாம் தீர்ந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

“இல்ல சாமி. கத்தல.”

ரஞ்சிதா கதவுப் பக்கம் திரும்பினாள். “அடுத்த ஞாயித்துக்கிழம சந்தைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஹால் பேசியிருக்கோம். எங்கப்பாதான் வெளியிடறாரு. வர்றதா இருந்தா வாங்க. பேசல்லாம் கூப்பிட மாட்டேன்.”

“வாரேன்.”

சொன்னபடி போனாள். நாற்பது பிளாஸ்டிக் சேர்கள், பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள். மாரியப்பன் முதல் பிரதியை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். மகளின் கதையில் வருகிற கல் முயலைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.