எட்டாவது தோள்

புனித ரோக்கு திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சீக்கு முஷெல் கோழிக்கூண்டின் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். ஊரே ஐயோ பாவம் என்றது. சால்வு முஷெல் மட்டும், "தோளுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். தோள் நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் கழற்றிக் கொடுத்தனுப்புகிறேன் என்று சீக்குவின் பெண்டாட்டி சொல்லியனுப்பினாள்.

சால்வு கேட்டதில் நியாயம் இருந்தது. கோசோ தீவில் அந்த ஒரு ஊரில் மட்டும் புனிதரின் சுரூபத்தைத் தூக்குவது ஒரே குடும்பப் பெயர்க்காரர்களின் உரிமை. கொள்ளைநோய் வந்த வருஷம் சிசிலியிலிருந்து படகில் சுரூபத்தைக் கொண்டுவந்து கரையேற்றியவர்கள் முஷெல்கள். இரண்டு தண்டு, தண்டுக்கு நாலு பேர், எட்டுப் பேரும் முஷெல் வீட்டாராக இருக்க வேண்டும் என்று கோவில் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எட்டுப் பேர் சேராத வருஷம் உரிமை திருவிழாக் கமிட்டிக்குப் போய்விடும், போனது திரும்பாது என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. கமிட்டித் தலைவர் நீனு ஷெர்ரிக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்.

சீக்கு விழுந்த மறுநாளே நீனு மதுக்கடையில் சால்வுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன சால்வு அண்ணே, ஏழு பேர்தான் இருக்கீங்களாமே? எங்க பசங்க தோள் சும்மாதான் இருக்கு."

"சும்மாவே இருக்கட்டும்," என்றார் சால்வு. "உலகத்துல எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில ஒரு முஷெல் இருப்பான். ஒருத்தனைக் கொண்டு வர எனக்கு ஒரு போன் போதும்."

முப்பத்தெட்டு வருஷம் ஊர்ப் பேருந்து ஓட்டியவர் அவர். அவர் கிளப்பாமல் பேருந்தும் கிளம்பாது, இருபத்திரண்டு வருஷமாகத் தூக்குகிறவர்களின் தலைவர் என்பதால் சுரூபமும் கிளம்பாது. பேச்சில் அந்தத் தெம்பு ஒருநாளும் குறைந்ததில்லை.

உலகத்தில் முஷெல்களுக்குப் பஞ்சமும் இல்லைதான். மெல்பர்னின் மேற்குப் பேட்டைகளில் ஒரு கல்யாண மண்டபம் கொள்ளாத அளவுக்கு இருக்கிறார்கள். டெட்ராய்ட்டில் கார் செய்யப் போனவர்கள், டொரன்டோவில் கட்டடம் கட்டப் போனவர்கள், ஆட்டு மந்தையோடு தூனிஸ் போய்ப் பிரெஞ்சுக்காரர்களாகி இப்போது மார்சேயில் இருப்பவர்கள், கடைசியாக லக்சம்பர்க்கில் சட்டங்களை மொழிபெயர்க்கிற படித்த பிள்ளைகள். ஊரில்தான் ஆள் இல்லை.

"உலகம் பூரா உப்பு மாதிரி தூவிட்டு, நம்ம சட்டிக்கு ஒரு கல்லு மிச்சம் வெக்கல உங்க வம்சம்," என்றாள் அவர் மனைவி ரொசாரியா.

சால்வு போனை எடுத்தார். லக்சம்பர்க்காரனுக்கு முதுகுத்தண்டில் ஏதோ நகர்ந்துவிட்டதாம். மார்சேய்க்காரன் புனித ரோக்கு யார் என்று கேட்டான், அவனிடம் சால்வு மேற்கொண்டு பேசவில்லை. டெட்ராய்ட்டிலிருந்து ஒருவன் உடனே வருவதாகச் சொன்னான், ஆனால் ஆறடி மூன்றங்குலம். தூக்குகிறவர்களின் உயரம் ஜோடி ஜோடியாகப் பொருந்தாவிட்டால் புனிதர் பக்கவாட்டில் சாய்ந்து வருவார். சீக்கு நின்றது வலது தண்டில் மூன்றாவது இடம், குள்ளர்களின் இடம்.

கடைசியில் மெல்பர்னில் இருக்கும் கிரெட்சு முஷெல் நினைவுக்கு வந்தான். சால்வுக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. சீக்குவுக்கு முன்னால் அந்த மூன்றாவது இடத்தில் நின்றவன். முப்பத்தைந்து வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், இரண்டு வசவு, அவ்வளவுதான் தொடர்பு.

"எனக்கு நெஞ்சைப் பிளந்து தச்சிருக்காங்க மச்சான், பிளேன்ல ஏறக்கூடாதாம்," என்றான் கிரெட்சு. "பையனை அனுப்பறேன். நான் பழக்கினவன்."

பையன் போனை வாங்கினான். தலைநகரத்துக்காரர்கள் கேட்டால் சிரிக்கும் அதே கிராமத்து இழுவை, அதே கரகரப்பு. சால்வுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உயரம் எவ்வளவுடா தம்பி?"

"அஞ்சரைக்கு ஒரு விரல் கம்மி சித்தப்பா. அப்பா அளவுதான், ஒட்டி நின்னு பாத்தாச்சு."

அன்றைக்கே சால்வு மதுக்கடையில் அறிவித்தார். "கிரெட்சு மகன் ஆஞ்சலு வரான். அவங்கப்பன் காது ஞாபகம் இருக்கா, ரெண்டு பக்கமும் கதவு திறந்த மாதிரி? கப்பல் வரும்போதே தெரியும் பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை இம்ஜார் துறையில் கப்பல் வந்து நின்றது. சால்வு காதுகளைத் தேடினார். இரண்டு காதுகளை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக் குலுக்கியும்விட்டார், அவர் ஒரு ஜெர்மானியப் பயணி. கூட்டம் வடிந்தபின் இறங்குபாலத்தில் ஒருவன் மட்டும் நின்றான். நாற்பது வயது, உருண்டை முகம், சிறிய கண், பார்த்ததும் வியட்நாம் பக்கத்துக்காரன் போலத் தெரிந்தது. சால்வு அவனைக் கடந்து போய்க் கப்பல் ஊழியரிடம், "இன்னும் யாராவது உள்ள இருக்காங்களா?" என்று கேட்டார்.

முதுகுக்குப் பின்னால் அந்தக் கரகரப்பு கேட்டது. "சித்தப்பா, ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போயிட்டீங்க. மூணாவது தடவை போனா நான் திரும்பிக் கப்பல் ஏறிடுவேன்."

காரில் பேசியதெல்லாம் ஆஞ்சலுதான். அகதிப் படகில் அம்மாவும் அப்பாவும் இறந்துபோனார்கள், மெல்பர்னில் ஒரு அகதி விடுதியில் கொண்டுவந்து விட்டபோது அவனுக்கு ஐந்து வயது. பக்கத்து வீடு கிரெட்சு வீடு. குழந்தையில்லாத வீடு. ஒரு ராத்திரி தங்கட்டும் என்று அழைத்துப்போனார்கள், பிறகு ஞானஸ்நானமும் கொடுத்துப் பள்ளியிலும் சேர்த்தார்கள். சால்வுக்குக் கோபம் கோபமாக வந்தது. பையன் மேல் இல்லை, கிரெட்சு மேல். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னானா? நீனு ஷெர்ரி முகம் கண்முன் வந்தது.

வீட்டில் ரொசாரியா முயல் கறியை வைத்தாள். வந்தவன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பைத் துடைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, கணவரிடம் சமையலறையில் சொன்னாள். "கிரெட்சு தட்டை இப்படித்தான் கழுவ வேணாத மாதிரி வெப்பான். காதைத் தேடினீங்களே, கையைப் பாத்தீங்களா?"

"ஊரு கையைப் பாக்காது ரொசாரியா. நீனு ரத்தத்தைக் கேப்பான்."

"கேட்டா, பெரிய தலைவரே, பதில் உங்ககிட்டதான இருக்கு?"

சால்வு அவளை முறைத்தார். அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. கல்யாணமான புதிதில் ஒரு பலவீனமான நேரத்தில் அவளிடம் சொன்னது, நாற்பது வருஷமாக அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

சாயங்காலம் ஆஞ்சலு பையிலிருந்து ஒரு பழைய தோள் மெத்தையை எடுத்தான். கிரெட்சுவுடையது, வியர்வையில் கறுத்தது. கொல்லையில் ஏணியின் இரண்டு பக்கமும் சிமென்ட் மூட்டை கட்டி, வருஷா வருஷம் ஆகஸ்டில், அங்கே குளிர்காலத்தில், அப்பாவும் அவனும் எலுமிச்சை மரத்தைச் சுற்றி வருவார்களாம். அக்கம்பக்கத்தார் இருவருக்கும் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்களாம். சால்வு அவனை முற்றத்தில் நடக்கச் சொன்னார். இடது காலை அரையடி தள்ளி வைத்து, இடுப்பை ஆட்டாமல் தோளை மட்டும் ஆட்டி, பேண்டு வாத்தியத்தின் இரண்டாவது அடிக்கு ஒரு நொடி நின்று நடக்கிற அந்த நடை. ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு அதைப் பழக்க சால்வுக்கு மூன்று வருஷம் ஆகும். இவன் கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். அதற்குப் பிறகு சால்வு ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

ஞாயிறு மாலை சுரூபம் கிளம்புமுன் எட்டுப் பேரும் கோவில் பின்னறையில் கையெழுத்துப் போட வேண்டும். கமிட்டிக்காரர்களும் ஊர்க்காரர்களுமாக ஐம்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். பங்குச்சாமி வழக்கப்படி ஒவ்வொருவரிடமும், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். முஷெல் என்று சொல்வது அங்கே பதிலே ஆகாது, எல்லோரும் முஷெல்தானே. வீட்டின் பட்டப்பேரைச் சொல்ல வேண்டும். நண்டு வீடு, மொட்டை வீடு என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். சால்வு மட்டும் வழக்கம்போல, "முஷெல்," என்றார். தலைவர் என்பதால் யாரும் மேலே கேட்பதில்லை. அவர் வீட்டுக்குக் கதவு வீடு என்று பேர். கோவில் கதவுக்குப் பக்கத்தில் குடியிருந்ததால் வந்த பேர் என்று அவரே சொல்லி வைத்திருந்தார், அதைக்கூட அவர் வாய் நிறையச் சொல்லிக் கேட்டவர் இல்லை.

ஆஞ்சலு முறை வந்தது. "யார் வீட்டுப் பிள்ளை?"

"ஆட்டுக்கள்ளன் வீடு, சாமி," என்றான் பளிச்சென்று.

அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. அந்த வீட்டார் வெளிநாடு போனதும் முதலில் தொலைப்பது அந்தப் பேரைத்தான். டெட்ராய்ட்டில் சிலர் ஒரு கேடயம், சிங்கம் எல்லாம் போட்டுப் பிரபு வம்சம் என்று சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

நீனு ஷெர்ரி தொண்டையைச் செருமினார். "பேரு சொல்லிக் குடுத்தா கிளியும் சொல்லும் சாமி. புத்தகத்துல முஷெல் வீட்டார்னு போட்டிருக்கு. இந்தத் தம்பி நல்லவரா இருக்கலாம், தூரத்துலேருந்து வந்திருக்கார், மரியாதை பண்ணுவோம். ஆனா முஷெல் ரத்தம் ஒரு சொட்டு இருக்கா? இல்லேன்னா ஏழு பேர்தான். கணக்கு எனக்கும் தெரியும்."

பங்குச்சாமி இளவயது, போன வருஷம்தான் வந்தவர். புத்தகத்தைப் பார்த்தார், ஆஞ்சலுவைப் பார்த்தார், கடைசியில் சால்வுவைப் பார்த்தார். ஆஞ்சலு தோள் மெத்தையைக் கையில் மடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். இந்த மாதிரிப் பேச்சை அவன் முதன்முதலாகக் கேட்கவில்லை என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது.

"நீனு சொல்றது சரி," என்றார் சால்வு. "ரத்தம்தான் கணக்குன்னா முதல்ல என் பேரை அடிங்க."

"ஏன் அண்ணே, உங்களை யார் சொன்னா?"

"நான் சொல்றேன். என் தாத்தா முஷெலுக்குப் பொறக்கல. யாருக்குப் பொறந்தார்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மீன் கூடையில போட்டு இந்தக் கோவில் கதவுல வெச்சுட்டுப் போயிட்டாங்க. பூசைக்கு வந்த ஒரு முஷெல் கிழவன் கூடையோட தூக்கிட்டுப் போனான். கதவு வீடுன்னு பேர் வந்தது அதனாலதான். பக்கத்துல குடியிருந்ததால இல்ல, அது நான் விட்ட கதை." குரல் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. பேருந்தில் நிறுத்தத்தின் பேர் சொல்வதுபோலச் சொன்னார். "இந்த ஏழுல நானும் என் அண்ணன் மகனுங்க ரெண்டு பேரும் கதவு வீடு. எங்களை எடுத்துட்டா நாலு பேரு. நூறு வருஷமா யாரு வீட்டுத் தோள்ல சாமி ஊர்வலம் போனாருன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. நாலு பேரை வெச்சுத் தூக்குங்க, நான் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறேன்."

அண்ணன் மகன்கள் வாயைப் பிளந்து நின்றார்கள், அவர்களுக்கே அது புதுச் செய்தி. நீனு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய அக்காவைக் கட்டியவர் கதவு வீட்டுக்காரர் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

"புத்தகத்துல வீட்டார்னுதான் இருக்கு," என்றார் பங்குச்சாமி. "ரத்தம்னு எங்கேயும் இல்ல." பேனாவை ஆஞ்சலுவிடம் நீட்டினார்.

வாசலில் ரொசாரியா போனை வைத்துக்கொண்டு நின்றாள். மெல்பர்னில் விடிய இன்னும் நேரம் இருந்தாலும் கிரெட்சு பேண்டு வாத்தியம் கேட்க முழித்திருந்தான். சால்வு போனைப் பிடுங்கினார்.

"டேய், பையன் விஷயத்தை ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"என்ன விஷயம்?" என்றான் கிரெட்சு. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகு புரிந்தது. "ஓ, அதுவா. நீ கூடை விஷயத்தை என்கிட்ட என்னைக்காவது சொன்னியா? நான் கேட்டனா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஏழு வயசுலேருந்து தெரியும். எங்கம்மா சொன்னாங்க. கூடவே, வெளிய சொன்னா தோலை உரிப்பேன்னாங்க. ஊருல நம்ம வயசுக்காரங்க பாதிப் பேருக்குத் தெரியும்டா கழுதை. போய்த் தூக்கு, நேரமாகுது."

சால்வு போனை ரொசாரியா கையில் திருப்பிக் கொடுத்தார். முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். வலது தண்டின் முதல் இடத்தில் போய் நின்று, மெத்தையைச் சரிசெய்து, குனிந்தார். அவருக்கு இரண்டு ஆள் பின்னால் ஆஞ்சலு குனிந்தான். தண்டு சரிமட்டமாக இருந்தது.

தூக்குமுன் எட்டுப் பேரும் வரிசையாக வீட்டுப் பேரைச் சொல்ல வேண்டும். கடைசியில் இருப்பவரிலிருந்து ஆரம்பித்து முன்னால் வரும், தலைவர் பேர் சொன்னதும் சுரூபம் எழும். இடது தண்டு முடிந்தது. வலது தண்டில் நண்டு என்றது ஒரு குரல். அடுத்து கிரெட்சுவின் அதே கரகரப்பில், சதுக்கம் முழுக்கக் கேட்க, "ஆட்டுக்கள்ளன்!"

மொட்டை என்றது அடுத்த குரல். பேண்டு வாத்தியம் நின்றது. இருபத்திரண்டு வருஷமாக இந்த இடத்தில் முஷெல் என்று சொன்ன வாய் திறந்தது.

"கதவு," என்றார் சால்வு. புனிதர் எழுந்தார்.