மூன்றாவது பிஸ்டனின் இரண்டாவது அளவு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பீற்றிக்கொள்வார்கள் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். இது அந்த மாதிரிப் பொய் இல்லை. ஒரு தாளில் எழுதிய ஒரே ஒரு எண். எழுதியது நான்.

முதல் தொடக்கம்: 'பந்தயக் காரின் இதயம்…' (அடித்துவிட்டேன். இதயமாம் இதயம்! எஞ்சின் என்றால் எஞ்சின்.)

இரண்டாவது தொடக்கம்: 'அவளுக்கு அண்ணன்மேல் கோபம்…' (அவள் யாராம்? நழுவப் பார்க்கிறேன். நான்தான்.)

2

அண்ணனும் நானும் சேர்ந்து பட்டறை வைத்திருந்தோம். பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுவது தொழில். அளப்பது நான், கோப்பது அவன்.

[விளக்கம். தாண்டிப் போகிறவர்கள் பிறகு புரியவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது. எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலை, அது ஓடும் பிளாக்கின் மேல்தளத்துக்கு எவ்வளவு கீழே அல்லது மேலே நிற்கிறது என்று டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்துப் பார்ப்போம். மேலே மூடும் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி குறைந்தால் எஞ்சினுக்கு வலு. ரொம்பக் குறைந்தால் இடிக்கும். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் என்ற தகட்டின் கனத்தை வைத்து அதைக் கூட்டலாம், குறைக்கலாம். பிஸ்டன் லேசாகச் சாயும் என்பதால் இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.]

நாலு பிஸ்டன், எட்டு அளவு. நான் எடுத்தது ஏழு.

3

அன்று காலை சண்டை.

"பட்டறைப் பலகையில என் பேரையும் போடுண்ணா."

"உன் பேரைப் பாத்தா எவன் வண்டி கொண்டு வருவான்? போய் அளக்கிற வேலையைப் பாரு."

(இந்த வசனத்தை மூன்று முறை கடுமையாக்கிப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதை விட்டுவிட்டால் நான் ரொம்ப நல்லவளாகிவிடுவேன்.)

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அளந்தேன். ஒன்றும் நாலும் சேர்ந்து மேலே வரும், அவை முடிந்தன. பிறகு இரண்டு. கடைசியாக மூன்று. அதில் ஒரு பக்கம் பார்த்தேன். மற்றதெல்லாம் ஒரே மாதிரி வந்திருந்ததால் மறுபக்கத்துக்கு நானே ஒரு எண்ணைப் போட்டுவிட்டேன். அந்த மூன்றாவதுக்கு மட்டும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு மாற்றியிருந்தோம்; ராடு புதிது என்றால் சாய்வும் மாறலாம். எதை விடவே கூடாதோ அதை விட்டேன்.

"எட்டும் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். நம்பிக்கை இல்லன்னா நீயே பாரு!"

"உன்னை நம்பாம வேற யாரை நம்பப் போறேன்?" என்று சொல்லி, என் எண்களை வைத்து இருப்பதிலேயே மெல்லிய கேஸ்கெட்டை எடுத்தான்.

4

பந்தயத்தின் ஆறாவது சுற்றில் மூன்றாவது பிஸ்டன் ஹெட்டில் இடித்து உடைந்தது. ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. (அவரைச் சாகடித்த ஒரு வரைவும் இருக்கிறது. என் குற்றம் பெரிதாகத் தெரியட்டும் என்று. வெட்கக்கேடு.)

துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் சொன்னான்: "என் பேராசைதான். இவ்வளவு மெல்லிசா போட்டிருக்கக் கூடாது."

நான் வாயைத் திறந்தேன், பிறகு

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். அன்றும் இப்படித்தான் கிடந்தது.)

அதோடு பட்டறையை மூடினான். பதினோரு வருஷமாக ஒரு டயர் கிடங்கில் சரக்கு பார்க்கிறான். போன மாதம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், எஞ்சின் கட்டித் தரச் சொல்லித் தேடி வந்திருக்கிறார். "வேணாங்க. என் கணிப்பை நானே நம்புறதில்ல" என்று அனுப்பிவிட்டானாம். அண்ணி போனில் சொன்னாள். அன்று ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

5

முடிவுகள்.

அ) தங்கை சொல்கிறாள், அண்ணன் கண்கலங்கி அணைத்துக்கொள்கிறான். (சினிமா.)

ஆ) சொல்கிறாள், "இனி என் முகத்துல முழிக்காத" என்கிறான். (இதற்குப் பயந்துதான் இத்தனை வருஷம்.)

இ) சொல்லவே இல்லை. (இதைத்தான் பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

பட்டறை போனபிறகு கதை எழுத ஆரம்பித்தேன்; நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவன் அவன்தான். அவன் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போனதில்லை. இதையும் நாளைக் காலை அவனிடம்தான் கொடுக்கப் போகிறேன். உங்கள் கைக்கு இது வந்திருந்தால், அவன் படித்துவிட்டான்.

அவன் என்ன சொன்னான் என்பது இதை எழுதும் எனக்குத் தெரியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்காகப் பாவப்பட்டு அவன் கோபத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.