பால்கனி திறக்கும் வேளை

ஒன்பதாவது மாடியில் பால்கனிக் கதவை நான் தள்ளியதும் தங்கச்சி அப்படியே நின்றுவிட்டாள். வானம் முழுக்கச் சிவப்பு. அடியில் ஆரஞ்சு, மேலே போகப் போகக் கத்திரிப்பூ நிறம்.

"அக்கா, இங்க பாரேன்! வேற வீடே பாக்க வேணாம். இதையே முடிச்சிரலாம்."

கட்டி முடித்த வீடுகளைச் சுற்றிக் காட்டுவதுதான் என் வேலை. வெயில் சாய்ந்த பிறகுதான் பால்கனியைத் திறக்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். அதற்கு முன்னால் யாராவது வந்துவிட்டால் சமையலறையைக் காட்டு, குழாயைத் திறந்து காட்டு, லிஃப்ட் ரிப்பேர் என்று சொல்லிக் கீழேயே உட்கார வை. அப்படி எத்தனை பேரை உட்கார வைத்திருப்பேன், கால் கடுக்க எத்தனை நாள் கூடவே நின்றிருப்பேன்! அந்தப் பழக்கதோஷம், கூடப்பிறந்தவளையும் விடவில்லை. காலையில் வருகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். "சாயங்காலம் வாடி, அப்பதான் நல்லாருக்கும்" என்று போனில் சொன்னது நான்தான். யோசித்துக்கூடச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவளுக்கு ஒரே பெண். அந்தக் குழந்தைக்கு மூச்சிழுப்பு. இப்போது இருக்கும் வாடகை வீடு பஸ் போகிற ரோட்டோரம். நல்ல காற்று வருகிற இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

"இந்தச் செவப்ப நம்பாதடி."

"ஏன், கண்ணு பட்டுருமா?"

"வெளையாடாத. அந்தப் பக்கம் பூரா ஃபேக்டரி. சூரியன் கீழ எறங்குறப்போ வெளிச்சம் அந்தப் பொகைக்குள்ள பூந்துதான் வருது. சாயங்காலம் எங்கயும் செவக்கும்தான், ஆனா பொகை இல்லாட்டி இப்படி ரத்தமாச் செவக்காது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இதத்தான் நீ எல்லாருக்கும் காட்டுறியா?"

"காலைல வா. பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு."

மறுநாள் மேனேஜர் வருவதற்குள் கூட்டிப் போனேன். வாட்ச்மேன் சிரித்தார். "என்னம்மா, காலங்காத்தால பால்கனியா? வேலைக்கு உலை வச்சுக்காதீங்க."

கதவைத் திறந்தேன். நீலம் என்று சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது வானம், ஓரமெல்லாம் பழுப்பு. கீழே வாசலில் நின்றபோதே சூரியனைக் கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எங்க மொட்ட மாடிலயும் இதே கலர்தான்க்கா" என்றாள். "நேத்து பாத்தப்போ, இது வேற ஏதோ வானம்னு நெனச்சிட்டேன்."

என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "காலைல நீலமாத் தெரியுற வீடு எதாவது உங்ககிட்ட இருக்கா?"

கையில் சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியாகத் தடவி, அந்தந்த வீட்டுப் பால்கனியை மனசுக்குள் திறந்து பார்த்தேன். கடைசிச் சாவி வரைக்கும் பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட நீலம் இல்லை.

அவள் கைப்பிடிக் கம்பியில் மகளின் நெஞ்சு உயரம் வரும் இடத்தைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு. அதை மடித்து, வெள்ளையாக இருந்த பக்கத்தை வெளியே எடுத்து, மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.