ரெண்டு டயரும் ஒரு ஆறும்

எங்கள் தலைநகரம் விண்ட்ஹுக்கில் வாடகைக் கார் விடும் ஒரு சின்ன ஆபீஸில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் விமானத்தை விட்டு இறங்கி நேரே எங்களிடம் வருவார்கள். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவர்களை உட்கார வைத்து அரை மணி நேரம் அறிவுரை சொல்ல வேண்டும். அது என் பொறுப்பு.

"சரளை ரோட்டுல எண்பதைத் தாண்டாதீங்க. பெட்ரோல் பங்க் கண்ணுல பட்டா, டாங்க் பாதி இருந்தாலும் ரொப்பிடுங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் தண்ணி. பொழுது சாயறதுக்குள்ள தங்கற இடத்துக்குப் போய்ச் சேருங்க, அதுக்கப்புறம் ரோடு மான்களோடது. பண்ணை கேட்டைத் திறந்தா மூடுங்க..." இப்படிப் பன்னிரண்டு விதி. மூச்சு விடாமல் சொல்வேன். அவர்களும் தலையாட்டுவார்கள். கண் மட்டும் எங்கேயோ ஒரு சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு லைசன்ஸ் கிடைத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கட்டுட்டூராவில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச். சரளை ரோட்டில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு எங்கள் முதலாளி மேமே ஹில்யா கூப்பிட்டாள். மேமே என்றால் எங்கள் பேச்சில் அம்மா. ஸ்லோவேனியாவிலிருந்து வந்த இரண்டு அக்கா தங்கைகளின் வண்டியில் ஒரே நாளில் இரண்டு டயர் போய்விட்டதாம். மார்யெட்கா, அலென்கா. இரண்டு பேருமே ரிட்டயரான பூகோள டீச்சர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பச்சை நோட்டில் எழுதிக்கொண்டவர்கள், நான் நடுவில் தும்மியதைத் தவிர. இப்போது நவுக்லுஃப்ட் மலைக்குப் பின்னால் ஒரு பண்ணை விடுதிக்குப் பக்கத்தில் நின்றுபோய்க் கிடக்கிறார்கள்.

"ஒரு டிரைவர் லீவு. இன்னொருத்தன் வடக்கே போயிருக்கான். நீ டயர் ரெண்டையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்றாள்.

"நானா? ஃபெஸ்டுஸ் இருக்கானே, மேமே!"

ஃபெஸ்டுஸ் எங்கள் டயர் மெக்கானிக். டமாரா இனத்து ஆள். முந்தின வாரம்தான் ஜாக்கி நழுவி வலது மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்க விட்டுக்கொண்டு திரிந்தான்.

"அவனும் வருவான். அவன் மூளை, உன் கை."

"மேமே, நான் சரளையில ஓட்டினதே இல்ல..."

"தினம் நாலு பேருக்குச் சொல்லித் தர்ற இல்ல? இன்னிக்கு உனக்கு நீயே சொல்லிக்கோ."

ரெஹோபோத் தாண்டி தார் ரோடு முடிந்தது. சரளையில் சக்கரம் ஏறியதும் வண்டி மொத்தமும் பல் கிட்டியதுபோல் நடுங்கியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஃபெஸ்டுஸ் சீட்டை நன்றாகச் சாய்த்துக்கொண்டான். ஆபீஸ் கவுண்டரில் நான் பேசுகிற குரலிலேயே ஆரம்பித்தான்.

"மேடம், தயவுசெஞ்சு எண்பதைத் தாண்டாதீங்க."

"நாப்பத்தஞ்சுலதான்டா போறேன்!"

"அதான். பின்னாடி கழுதை வண்டிக்காரர் பாவம், வழி கேக்கறாரு."

கண்ணாடியில் பார்த்தேன். நிஜமாகவே ஒரு கழுதை வண்டி வந்துகொண்டிருந்தது. ரொம்ப தூரத்தில்தான். ஆனாலும் மானம் போயிற்று. ஐம்பதுக்கு ஏற்றினேன், அறுபதுக்கு ஏற்றினேன். அறுபத்தைந்தில் நடுக்கம் நின்று, வண்டி பள்ளங்களின் தலை மேலேயே மிதக்க ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலை இறக்கி, வாயைத் திறந்து கத்தினேன். வாய் நிறையப் புழுதி.

"பன்னெண்டு விதியில வாயை மூடுங்கன்னு ஒண்ணு சேர்த்துக்கோ, துயெனி," என்றான்.

ஐந்து பண்ணை கேட். ஐந்துக்கும் ஒற்றைக் கையோடு இறங்கி, திறந்து, நான் போனதும் மூடி, திட்டிக்கொண்டே ஏறினான். ஐந்தாவது கேட்டில் திட்டவில்லை. மலை உச்சியைப் பார்த்தபடி நின்றான். அங்கே மேகம் கன்னங்கரேலென்று இறங்கியிருந்தது. எங்கள் பக்கமோ வெயில் மண்டையைப் பிளந்தது. காற்றில் மட்டும் ஒரு வாசனை, சூடான தட்டில் தண்ணீர் தெளித்த மாதிரி.

பதினொன்றரைக்கு அந்த இடத்தை அடைந்தோம். ரோடு ஒரு மணல் பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏறியது. வரைபடத்தில் அதற்கு ஆறு என்று பெயர். எட்டு வருஷமாகத் தண்ணீரே வராமல் ஆடுகள்தான் அதில் படுத்துத் தூங்கின. எதிர்க்கரையில் எங்கள் வெள்ளை வண்டி நொண்டிக்கொண்டு நின்றது. அதன் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு, பெரிய தொப்பிகளோடு இரண்டு பெண்கள் கையாட்டினார்கள். நான் ஹார்ன் அடித்து முதல் கியர் போட்டேன்.

"நில்லு," என்றான் ஃபெஸ்டுஸ்.

"ஏன்?"

"நில்லுன்னா நில்லு. காதுல விழலையா?"

தூரத்தில் நிறைய லாரிகள் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு இரைச்சல். அவன் கதவைத் திறந்து குதித்தான். "ஆறு வருது! துயெனி, ஆறு வருதுடி!"

வந்தது. முதலில் நுரை. அழுக்கு நிறத்தில், குச்சிகளையும் ஆட்டுப் புழுக்கைகளையும் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் வளைவில் திரும்பியது. காய்ந்த மணல் அதைக் குடித்து உஸ்ஸென்றது. அதற்குப் பின்னாலேயே முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர், காப்பி நிறத்தில். யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது. ஃபெஸ்டுஸ் கட்டுப்போட்ட கையை மறந்து கரையோரமாக ஓடினான். நானும் செருப்பை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். கணுக்கால் வரை தண்ணீரில் கால் வைத்ததும் என்னையறியாமல் குலவை போட்டேன். எங்கள் ஒவாம்போ பெண்கள் கல்யாணத்தில் போடுகிற குலவை. மலை அதைத் திருப்பிப் போட்டது.

இன்னும் இரண்டடி உள்ளே போயிருப்பேன். எதிர்க்கரையிலிருந்து கூச்சல். "மிஸ் துயெனி! நம்பர் ஒன்பது! நம்பர் ஒன்பது!" மார்யெட்கா பச்சை நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

ஒன்பதாவது விதி: ஓடுகிற ஆற்றில் இறங்காதீர்கள், வடியும் வரை காத்திருங்கள்.

இறங்கிய காலை எடுத்தேன். ஃபெஸ்டுஸ் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஆனாலும் அரை மணி நேரத்தில் ஊரே வந்துவிட்டது. எங்கே இருந்தார்கள் இத்தனை பேர்? பிக்கப் வண்டிகள், கழுதை வண்டிகள், குதிரையில் இரண்டு பேர். மேமே ரொசீனா என்று ஆடு வளர்க்கிற ஒரு அம்மாள், பாதி வெட்டிய ஆட்டையும் மூன்று கால் இரும்புச் சட்டியையும் கொண்டுவந்து இறக்கினாள். நெருப்பு மூட்டினார்கள். யாரோ ஒருவர் அக்கார்டியனை எடுத்து விட்டார். எதிர்க்கரையில் பண்ணை விடுதி ஆட்களும் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். இந்தப் பாட்டுக்கு அந்தக் கரையில் ஆடினார்கள். அலென்கா, டிராக்டரை ஓட்டி வந்த பீட்ரூஸின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள்.

"அந்தப் பொம்பளை எதுக்கு ஒன்பது ஒன்பதுன்னு கத்தறா?" என்று மேமே ரொசீனா கேட்டாள்.

ஃபெஸ்டுஸ் சும்மா இருப்பானா? என்னைப் பிடித்து எங்கள் வண்டியின் பானெட் மேல் ஏற்றிவிட்டான். "இவ டூரிஸ்ட்டுங்களுக்கு நம்ம ஊரைச் சொல்லித் தர்றவ. சொல்லுடி, மொதல்லேர்ந்து!"

எனக்கும் அப்போது தலைகால் புரியவில்லை. ஆரம்பித்துவிட்டேன். "அன்பான விருந்தாளிகளே! ஒண்ணு, ஸ்பேர் டயர் ரெண்டு எடுத்துக்கிட்டுப் போங்க!"

"ரெண்டு போதுமா? என் மாமியார் வீட்டு ரோட்டுக்கு வந்து பாரு!" என்றார் ஒருவர்.

"ரெண்டு, பெட்ரோல் பங்க்கைப் பார்த்தா ரொப்பிடுங்க!"

"மொதல்ல பங்க்கைக் காட்டு!"

"மூணு, ஆளுக்கு அஞ்சு லிட்டர் தண்ணி!"

எல்லோரும் திரும்பி ஆற்றைக் கைகாட்டினார்கள். அப்புறம் கிளம்பிய சிரிப்பில் அக்கார்டியன்காரர் சுருதி தப்பினார்.

"பொழுது சாஞ்சா வண்டி ஓட்டாதீங்க, மான் குறுக்கே வரும்!"

"என் புருஷன் வருவான், குடிச்சிட்டு. மானாவது விலகிப் போகும்!" என்றாள் மேமே ரொசீனா.

பத்தாவது விதியில் இருக்கும்போதுதான் டாடே எலியாசர் வந்து சேர்ந்தார். டாடே என்றால் ஐயா. இவர் விண்ட்ஹுக் வியாபாரி. புத்தம் புதிய பெரிய வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி ஆற்றைப் பார்த்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க. அந்தப் பக்கம் எனக்கு மீட்டிங் இருக்கு."

நான் பானெட்டிலிருந்து குதித்தேன். "டாடே, பன்னெண்டு விதியில ஒன்பதாவது, ஓடற தண்ணியில இறங்காதீங்க. கீழ மணல் அரிச்சிருக்கும். ரெண்டு மூணு மணி நேரத்துல வடிஞ்சிடும்."

"யாரும்மா நீ?"

"வாடகைக் கார் ஆபீஸ்ல..."

"இது என் சொந்தக் கார். இது எப்படிப்பட்ட வண்டின்னு உனக்குத் தெரியுமா?"

"வண்டியைப் பத்திச் சொல்லல, டாடே. ஆத்தைப் பத்திச் சொல்றேன்."

அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை ஆற்றில் இறக்கினார். ஏழெட்டு அடி போனது. பிறகு முன் சக்கரங்கள் குழியில் விழுந்து, வண்டி தலைகுனிந்து, ஒரு விக்கல் விக்கி நின்றது. கதவில் பாதிக்குத் தண்ணீர். டாடே எலியாசர் ஜன்னல் வழியாக வெளியே வந்து கூரை மேல் ஏறி உட்கார்ந்தார், இரண்டு ஷூவையும் மடியில் வைத்துக்கொண்டு.

அதுவரை சிரித்த கூட்டம் ஒரே நொடியில் வேலையில் இறங்கிவிட்டது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கைகோத்து இறங்கினார்கள். ஒரு கனமான கயிற்றை அந்த வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தார்கள். மறுமுனையை ஃபெஸ்டுஸ், திருப்பி நிறுத்திய எங்கள் வண்டியின் பின்பக்கத்தில் இடது கையாலும் பல்லாலும் முடிந்தான்.

"துயெனி, ஏறு."

"நானா? இங்க இத்தனை பேர் இருக்காங்களே!"

"இது ஆபீஸ் வண்டி. உன் பேர்லதான் எழுதியிருக்கு. ஏறு!"

ஏறினேன். முதல் கியர் போட்டேன். மிதித்தேன், சக்கரம் மணலைத் தோண்டியது, வண்டி நகரவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர்களை விடச் சத்தமாக எதிர்க்கரையிலிருந்து மார்யெட்காவின் குரல்: "நம்பர் நாலு! மணல், காத்து கம்மி!"

டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். தினம் நாலு தடவை சொல்கிறேனே! ஃபெஸ்டுஸும் மேமே ரொசீனாவும் ஆளுக்கு இரண்டு டயராக உட்கார்ந்து உஸ்ஸென்று காற்றை இறக்கினார்கள். மறுபடி முதல் கியர். மெதுவாக, மிக மெதுவாக. கயிறு விறைத்தது. ஏதோ ஒன்று முனகியது, அது எங்கள் வண்டியா நானா என்று தெரியவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெரிய 'பளக்'. கண்ணாடியில் பார்த்தால், டாடே எலியாசரின் வண்டி பின்பக்கமாகக் கரையேறிக்கொண்டிருந்தது. கூரையில் அவர், ஊர்வலத்தில் வருகிற பிஷப் மாதிரி.

இரண்டு கரையிலும் குலவை. என்னை வண்டியிலிருந்து உருவி எடுத்துத் தூக்கினார்கள். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் கலந்து விக்கல் வந்தது. டாடே எலியாசர் வெறுங்காலோடு என் எதிரில் வந்து நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒன்பதுதானே அது?" என்றார்.

"ஆமா, டாடே."

"மிச்சம் பதினொண்ணையும் சொல்லிடும்மா. எதுக்கு வம்பு?"

மேமே ரொசீனா அவர் கையில் ஒரு ஆட்டு விலாவைத் திணித்தாள். அதற்கப்புறம் மீட்டிங் பற்றி அவர் பேசவேயில்லை. அரை மணி நேரம் கழித்து அக்கார்டியனுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குத் தண்ணீர் வடிந்து அங்கங்கே குட்டைகளாக நின்றது. பீட்ரூஸ் கோலால் ஆழம் பார்த்துவிட்டு டிராக்டரை இந்தப் பக்கம் கொண்டுவந்தான். ஃபெஸ்டுஸையும் என்னையும் டயர்களையும் ஏற்றிக்கொண்டு போனான். அலென்கா என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். மார்யெட்கா நோட்டைப் பிரித்து ஒவ்வொரு படியாக வாசித்தாள். நான் ஜாக்கி வைத்தேன், நட்டுகளைக் கழற்றினேன். ஃபெஸ்டுஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "இடது பக்கம் திருப்பு, இன்னும், அய்யோ அது வலது," என்று உயிரை வாங்கினான். என் வாழ்க்கையில் நான் மாற்றிய முதல் டயர் அது. பத்தே நிமிஷத்தில் இரண்டாவது.

பிறகு பண்ணை விடுதிக்குப் போய் அங்கே இருந்த ஃபோனில் மேமே ஹில்யாவைக் கூப்பிட்டேன்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே? காலையில கிளம்பினவ!"

"மேமே, ஆறு வந்துடுச்சு."

"எந்த ஆறு?"

"இங்க உள்ள ஆறு. மத்தியானம் வந்துச்சு. எல்லாரும் வந்து ஆடினாங்க. டயர் ரெண்டும் மாட்டியாச்சு. காலையில திரும்பிடறோம்."

திட்டு வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நிஜமாவே ஓடுச்சா?" குரல் மாறியிருந்தது. "எவ்வளவு தண்ணி?"

"டாடே ஒருத்தரோட காரே மாட்டிக்கிச்சு. வளைவுல இன்னும் கொஞ்சம் ஓடுது, மேமே. சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"எனக்குக் கேக்கலையே."

"இருங்க," என்று சொல்லி, ஃபோனின் ஒயரை முடிந்த மட்டும் இழுத்து, ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.