ராசாத்தி புடைத்த மண்

1

தன் மண்ணைத் தரம் குறைந்தது என்று சொன்னால் சொந்தக்காரருக்கு ரோஷம் வருமா? கீரனூர் பஸ்ஸில் தோன்றிய இந்தக் கேள்விதான் இந்தக் கதை. அரிமளம் பக்கம் ஒரு கடலைக் கொல்லைக்கு அடியில் கிராஃபைட் இருப்பதாக வைத்துக்கொண்டேன். பென்சிலிலும் பேட்டரியிலும் போடுகிற கருப்புச் சரக்கு. (தேடிப் போகாதீர்கள், நானே வைத்தது.)

"பொழுது புலர்ந்தது, செம்மண் பூமி..." வேண்டாம். எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

2

நிலவழகன் ஒரு கம்பெனியின் ஜியாலஜிஸ்ட். ராசாத்தியின் அந்தக் கடலைக் கொல்லையில் குழி வெட்டி, சோதனைக்கு மண்ணைச் சாக்கில் கட்டினான். வண்டி வராததால் மூட்டையை அவள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனான். அவசரக்குடுக்கை. (இவனைப் பொறுப்பானவனாக எழுதத்தான் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை.)

மறுநாள் மூட்டை பாதியாக இளைத்திருந்தது.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"பொடச்சு, கல்லு பொறுக்கி வச்சிருக்கேன் தம்பி. நம்ம வீட்டுலேர்ந்து போற பொருளு, குப்பையும் கூளமுமாவா போறது?"

அந்த வீட்டில் விதைக்கடலை கொடுத்தாலும் அப்படித்தான். முறத்தில் புடைக்காமல் எதுவும் வாசல் தாண்டாது. சாக்குக்குள் கருப்பு மட்டும் மினுமினுத்தது.

"இத அனுப்புனா ஒசந்த சரக்குன்னு கொல்லையத் தோண்ட வந்துருவாங்கக்கா."

"தோண்டவா? மண்ணு பரிசோதனைன்னுதானே சொன்னீங்க? என்ன ஒரம் போடலாம்னு சொல்வீங்கன்னுல்ல இருந்தேன்! எங்களுக்கு இருக்கறதே இந்தக் கொல்லை ஒண்ணுதான்."

நிலவழகனுக்கு வெட்கமாகப் போயிற்று. எனக்கும்தான்.

3

முடிவு அ: புதிதாக வெட்டி, அழுக்கோடு அனுப்பினான். 'தரம் குறைவு' என்று வந்தது. சுபம்.

['சுபம்' நீக்கவும். அவன் இன்னொன்றும் செய்து தொலைத்தான்.]

முதல் மூட்டை என்ன ஆயிற்று என்று மேலாளர் போனில் கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னான். உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று அவனும் நம்பினான், நானும் நம்பினேன்.

மேலாளர் உற்சாகமாகிவிட்டார். "ஒரு பொம்பள மொறத்துலயே பிரிச்சுட்டாளா? அப்ப லோ கிரேடா இருந்தா என்னய்யா? பிரிக்கச் சின்ன மிஷின் போதுமே! இப்படி ஒரு எடத்துக்குத்தானே அலையறோம்."

4

எனக்குக் கை ஓடவில்லை. கதை இங்கே வந்து நிற்கும் என்று சத்தியமாகத் தெரியாது. "அன்றைக்கே கம்பெனி திவாலாகி..." சீ, கேவலம்.

நிலவழகன் வரப்பில் நிற்கிறான். களைக்கொத்தோடு நிமிர்ந்த ராசாத்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. 'தரம் குறைவு' என்ற செய்தி மட்டும் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரோஷம் வரும் என்று கணக்குப் போட்ட நான்தான் முட்டாள்.

"நம்ம மண்ணு மட்டமாமே தம்பி! கும்புட்ட சாமி கைவிடல. வேர்த்து வந்திருக்கீங்க, இங்கிட்டு நெழல்ல நில்லுங்க, மோர் கொண்டாரேன்."

அவனுக்கு வசனம் எழுத என்னால் ஆகாது. அவளிடம் அவன் என்ன சொல்வது என்று நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அவள் செம்போடு திரும்புவதற்குள் சொல்லிவிடுங்கள். அவள் கையால் மோரை வாங்கிக் குடித்த பிறகு உங்களாலும் முடியாது.